மூடிய கைக்குள் ஒரு ராணிக் காசு

தெருவுக்கு நாலு நகைக்கடை இருக்கிற கோயம்புத்தூரை விட்டுவிட்டு, ஒரு தங்கக் காசைப் பார்க்க ராமேஸ்வரம் தீவுக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி சுமதி சிரித்தாள். "கொல்லன் தெருவுல குடியிருந்துட்டு ஊசி வாங்க ஊர் ஊராப் போறீங்களாக்கும்" என்றாள்.

அவள் சிரிப்பதில் நியாயம் உண்டு. நான் சேர்ப்பது விக்டோரியா ராணி காலத்துப் பவுன் காசுகள். எடைக்காக இல்லை, ஓர் எழுத்துக்காக. லண்டனில் அடித்த காசில் எழுத்து இருக்காது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்து, அங்கேயே காசடிக்க ஆரம்பித்தபோது, எந்த ஊரில் அடித்தது என்று தெரிய ஓர் எழுத்தைப் பொடியாகப் பதித்தார்கள். சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி. பெர்த் அச்சாலை திறந்த கொஞ்ச காலத்திலேயே ராணி இறந்துவிட்டதால், அவர் முகம் போட்ட பெர்த் காசு நம் பக்கம் கண்ணில் படுவதே அபூர்வம். ஏலத்தில் வாங்கினால் கிடைக்கும். ஆனால் நம் வீடுகளில் புழங்கிய காசாகவே சேர்ப்பது என்று எனக்கு ஒரு வீம்பு. என் மரப்பெட்டியில் பி-க்கு வெட்டிய குழி மட்டும் பல வருஷமாகக் காலி. சுமதி அதைப் பல் போன வாய் என்பாள்.

என் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதும் ஸ்டெல்லா, தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண். ஒருநாள் மதியம் டப்பாவைத் திறந்துகொண்டே, "எங்கண்ணன் பழைய படக உடைக்கிறாக சார். உள்ள ஒரு ராணிப் பவுனு கெடக்கு" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் வீட்டு வழக்கம் அது. வள்ளம் கட்டும்போது படகின் முன்பக்கத்து மரத்தில், அதை அணியம் என்கிறார்கள், ஒரு குழி தோண்டி அந்தக் காசை வைத்து மெழுகு ஊற்றி அடைத்துவிடுவார்கள். படகு கிழடாகி உடைக்கும்போது காசு புதுப் படகுக்குப் போகும். அவள் பூட்டன் சங்கு குளித்து, கொழும்பில் விற்று, அங்கே வாங்கி வந்த காசாம். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் போன கப்பல்கள் அந்தக் காலத்தில் கொழும்பில் நின்றுதான் போகும். பெர்த்தோ ஆஸ்திரேலியாவின் நம் பக்கத்துக் கரை. எனக்குக் கை நமநமத்தது.

"தாராளமாப் போங்க சார். ஆனா வழியில முதுகுளத்தூர்ல கருப்பையா அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவுக இல்லாம வேல நடக்காது" என்றாள் ஸ்டெல்லா. என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பரமக்குடியிலிருந்து நான் ஏறிய பஸ்ஸில் பாதிப் பேர் மனிதர்கள், பாதி ஆடுகள். ஆட்டுக்கு டிக்கெட் எடுப்பதைப் பற்றி ஒரு பெரியவருக்கும் கண்டக்டருக்கும் வாக்குவாதம். "மடியில வச்சிருக்கேன்ல, அது பிள்ளை கணக்குல வராதா?" என்றார் பெரியவர். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஆடுகள் இறங்கிக் கருவேலங்காய் மேயப் போய்விட்டன. பஸ் கிளம்பியபோது டிரைவர் ஹார்ன் அடிக்க, "ஏலே, ஆட்டப் பிடிச்சு ஏத்துங்கலே" என்று ஊரே ஓடியது. எங்கள் ஊரில் பஸ் ஒரு நிமிஷம் தாமதித்தால் ஆளாளுக்கு வாட்சைப் பார்ப்போம். இங்கே எல்லோரும் ஆட்டின் பின்னால் ஓடிவிட்டு, மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

கருப்பையா மிளகாய் பயிரிடும் சம்சாரி. வீட்டு முன்னால் களம் முழுக்கச் செக்கச்செவேலென்று வத்தல் காய்ந்தது. வணக்கம் சொல்வதற்கு முன் நான் பத்துத் தும்மல் போட்டேன். அவர் மனைவி, நான் எதற்கு வந்தவன் என்று தெரிந்ததும், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். "எங்க வீட்டுலயும் ராணி இருக்கு, பாருங்க."

இருந்தார். இளம் ராணி, கொண்டையும் ரிப்பனுமாக. திருப்பினால் கேடயம். இந்தக் கேடயக் காசில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழ். ஊர் எழுத்து இருப்பது கேடயத்தின் அடியில், அதாவது ராணியின் உச்சந்தலைக்கு நேர் பின்னால். ஆசாரி சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்ததும் சரியாக அங்கேதான். எழுத்து இருந்ததா, இல்லையா, பற்றுக்கே வெளிச்சம்.

"ஏன் அத்தன நேரமாப் பாக்குறாக? மட்டமா?" என்று அந்த அம்மா கணவரிடம் கேட்டார்.

"அய்யோ, அருமையான காசுங்க. அது எந்த ஊருன்னுதான் பார்த்தேன்" என்றேன்.

"எந்த ஊரா? எங்க ஊருதேன்" என்றார் அந்த அம்மா. ஆட்டுக்கறிக் குழம்பு என் தட்டில் விழுந்தது. அந்தக் காரத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

சாப்பிடும்போதுதான் கருப்பையா விஷயத்தைச் சொன்னார். பழைய படகிலிருந்து எடுத்த காசு புதுப் படகுக்குப் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது, வெளிச்சத்தில் காட்டக் கூடாது. ஒருவர் கையில் பொத்திக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கை கடல்காரர் கையாக இருக்கக் கூடாது. "படகுல பங்கு உள்ளவன் கையில குடுத்தா, நாளைக்கு மீனு படலைன்னா அவன் கை சரியில்லம்பாக. அதுக்குத்தேன் கடலுக்குப் போகாத மேட்டு ஆளு. போன படகுக்கு எங்கய்யா பிடிச்சாக. இந்தப் படகுக்கு நானு."

"அப்ப காசை யாரும் பார்த்ததே இல்லையா?"

"யாரு பாத்தா? எங்கய்யா பெருவிரலால தடவிப் பாத்தாகளாம். ஒரு பக்கம் பொம்பளை, ஒரு பக்கம் குதிரை. அம்புட்டுத்தேன்."

இத்தனை தலைமுறையாக ஒரு காசை விரலால் மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறார்கள்! காசு வந்து சேர்ந்தால் பூதக்கண்ணாடிக்குக் கீழே தள்ளித்தான் எனக்குப் பழக்கம். கருப்பையாவைக் கூட்டிக்கொண்டு போனால், காசு கைமாறும் நேரத்திலாவது ஒரு கண் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி தூங்கினேன்.

காலையில் கணக்கு கவிழ்ந்தது. கருப்பையாவின் பங்காளி ஒருவர் விடியும்போது இறந்துபோனார். தீட்டு. அவர் போக முடியாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் மேட்டு ஆளுதானே. நீங்க பிடிங்க. நான் ஸ்டெல்லா அண்ணன் சவரிகிட்டப் போன்ல சொல்லிர்றேன்."

பாலுக்குக் காவல் பூனை. எனக்கே சிரிப்பு வந்தது. சரி என்றேன்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எல்லோரும் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறமாகக் கடல். நொய்யலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவ்வளவு தண்ணீரை ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்மணி மட்டும் நிமிராமல் கருவாட்டுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். "தினமும் பாக்குறதுதேன்" என்றார்.

ஸ்டெல்லாவின் அண்ணன் சவரிமுத்து தங்கச்சிமடத்தில் எனக்காக நின்றிருந்தார். அகலமான மனிதர். குரல் அதைவிட அகலம். அவர் மனைவி பிலோமினா கணவாய்த் தொக்கும் நகரை மீன் குழம்புமாகப் போட்டுத் திணறடித்தார். எங்கள் ஊரில் மீன் ஐஸ்பெட்டியில் பயணம் செய்து களைத்து வரும். இது அப்போதுதான் கடலை விட்டு வந்த மீன். நான் மூன்றாம் தடவை சோறு வாங்கியதும், "ஸ்டெல்லா சொன்னா, சாருக்குப் பசியே எடுக்காதுன்னு" என்று சிரித்தார்.

சிரித்தவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது குரலைத் தாழ்த்தினார். "இவுக, எந்தம்பி, இன்னும் ரெண்டு பேரு, நாலு பேரும் அந்தப் புதுப் படகுலதான் சார் போகணும். பழைய படகு எத்தனையோ காத்துல மாட்டுச்சு. ஒருநாளும் இவுகள வெளிய விட்டுட்டு வந்ததில்ல. காசப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துருங்க." நான் தலையாட்டினேன். என் சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருந்தது.

மறுநாள் காலை கரையில் படகு உடைத்தார்கள். ஓடாவி என்று இங்கே சொல்கிற படகுத் தச்சர் சூசை, அணியத்து மரத்தில் காதை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் உளியை வைத்தார். கூட்டம் நெருங்கி வந்தது. மரத்துண்டு பெயர்ந்தது. விரலை விட்டுத் துழாவி, கறுத்த மெழுகு உருண்டை ஒன்றை எடுத்து, தன் கைக்குள்ளேயே மறைத்துக்கொண்டு வந்து என் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அவரே மடக்கினார். "இனி தொறக்கப்படாது. புதுப் படகுக் குழிக்கு மேலதான் தொறக்கணும்."

கனத்தது. பவுன் காசின் கனம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கனத்தது.

புதுப் படகுக்கு அடிமரமும் அணியமும் மட்டும் நிறுத்தி, பாம்பன் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வைத்திருந்தார்கள். பங்குள்ளவர்கள் என்னோடு வண்டியில் வரக் கூடாதாம். அவர்கள் முன்னால் பைக்கில் போய்விட, நான் ஓர் ஆட்டோவில் தனியாகப் போனேன். ஆட்டோ தோப்புக்குத் திரும்பும் பாதையில் மணலில் புதைந்தது. ஓட்டுநர் முக்கினார். நான் இறங்கி ஒரு தோளைக் கொடுத்து முக்கினேன். ஒற்றைக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோ தள்ளும் ஆளை அந்தச் சாலை முன்னால் பார்த்திருக்காது.

"சார், ஒரு தடவ தொறந்து பாத்துருங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் ஓட்டுநர்.

"வேண்டாம்பா."

"எனக்கே பாக்கணும்போல இருக்கு" என்றவர், பலகை கொண்டுவருகிறேன் என்று நடந்து போனார்.

தென்னை, மணல், காற்று. வேறு யாருமில்லை. வெயிலிலும் கைச்சூட்டிலும் மெழுகு இளகியிருந்தது. உள்ளங்கைக்குள் காசின் விளிம்பு தட்டுப்பட்டது. அந்தச் சின்னச் சின்ன வரிகள். பெருவிரல் தானாக நகர்ந்தது. குதிரை. அதன் வளைந்த கழுத்து. காசை உள்ளுக்குள்ளேயே புரட்டினேன். ராணியின் தலையிலிருந்து தோளுக்குச் சரியும் மெல்லிய மேடு. முக்காடு! இளம் ராணியும் இல்லை, சின்னக் கிரீடம் வைத்த நடுவயசு ராணியும் இல்லை. முக்காடு போட்ட கிழ ராணி. பெர்த் காசில் இருப்பது இந்த முகம் மட்டும்தான்.

எழுத்து குதிரையின் காலடியில், கோட்டின்மேல் இருக்க வேண்டும். மறுபடி புரட்டித் தேடினேன். கோடு கிடைத்தது. அதன்மேல் என்னமோ ஒரு துளி மேடு. ரவையில் பாதிகூட இல்லை. எஸ்ஸா, எம்மா, பி-யா? என் பெருவிரல் இத்தனை வயசுக்கு ஒன்றும் படித்திருக்கவில்லை.

இடது கை சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டது. வலது கையில் சுண்டுவிரல் தளர்ந்தது. அடுத்த விரலும் தளர்ந்தது. ஒரு நொடி போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. என்றைக்காவது அந்த நாலு பேரில் ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால், கோயம்புத்தூரில் உட்கார்ந்து நான் நினைக்கப்போவது இந்தத் தென்னந்தோப்பைத்தான். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ராகுகாலத்தில் கடை திறந்தவன் நான். ஆனாலும் அந்த நிமிஷம் பயமாக இருந்தது. பிலோமினாவின் தாழ்ந்த குரல் காதில் நின்றது. விரல்களை மடக்கிக்கொண்டேன். பூதக்கண்ணாடியை மணலில் வீசப் போனேன். அது விலை ஜாஸ்தி என்பதால் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

தோப்பில் போய்ச் சேர்ந்தால் ஃபாதர் வரவில்லை. எங்கோ ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டாராம். வெயில் உச்சிக்கு ஏறியது. என் விரல்கள் மரத்துப்போயின. சாப்பாடு வந்தது. எல்லோரும் என் மூடிய கையைப் பார்த்தார்கள். இடது கையால் நான் சோற்றைத் தொடப் போனதும் சவரிமுத்து பதறிவிட்டார்.

"இடது கையாலயா? நல்லாருக்கு! இங்கன திரும்புங்கண்ணே." அதுவரை சார் என்றவர் அண்ணனாக்கிவிட்டு, வலைக் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கையால் சோற்றைப் பிசைந்து, மீனில் முள் நீக்கி, உருட்டி என் வாயில் ஊட்டினார். ஐம்பத்தெட்டு வயசில், பத்துப் பேர் பார்க்க, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். கண் கலங்கியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"என்னமும் தட்டுப்படுதாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குதிரை இருக்கு. ராணி முக்காடு போட்டிருக்காங்க."

"முக்காடா?" அவர் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். "ஏ பிலோமினா, கேட்டியா? ராணி முக்காடு போட்டிருக்காகளாம்! பூசைக்குப் போற மாதிரி!" தோப்பே ஆரவாரித்தது. கருப்பையாவின் அய்யா சொன்னதற்குப் பிறகு அந்தக் காசைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த முதல் சேதி அது. பிலோமினா தன் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஃபாதர் வந்தார். ஜெபம் நடந்தது. தீர்த்தம் தெளித்தார். சூசை அணியத்து மரத்தில் புதிதாக வெட்டிய குழியைக் காட்டி, என் கையைப் பிடித்து அதன் மேல் கவிழ்த்து வைத்தார். கையைத் திறக்கும்போதாவது பார்த்துவிடலாம் என்று எனக்குள் ஒரு பூனை இன்னும் உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் கடலப் பாருங்க" என்றார் சூசை.

எல்லோரும் திரும்பினார்கள். ஃபாதர் திரும்பினார். சவரிமுத்து திரும்பினார். பிலோமினா திரும்பி, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் திரும்பினேன். தென்னைகளுக்கு நடுவில் கடல் கண்ணைக் கூசவைத்தது. விரல்களைத் திறந்தேன். திறக்க மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். காசு விழுந்த சத்தம் கேட்கவில்லை. கை லேசானது மட்டும் தெரிந்தது. பின்னால் கோயில் மெழுகுவர்த்தியின் சூடான மெழுகு வாசனை, பிறகு சூசையின் சுத்தியல்.

அன்று சாயங்காலம் சவரிமுத்து என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டு நின்றன. "ஒங்க வீட்டுல மட்டும்தானா இந்த வழக்கம்?" என்று கேட்டேன்.

"ராணிப் பவுனு எங்களுதுதான். ஆனா வெறும் மரத்த யாரும் கடலுக்கு அனுப்ப மாட்டாக. மோதிரமோ மூக்குத்தியோ, பொட்டுத் தங்கமாவது உள்ள கெடக்கும்."

நான் படகுகளைப் பார்த்தேன். நான் பெட்டி செய்து, வெல்வெட் ஒட்டி, பூட்டுப் போட்டு வைத்திருப்பதை, இவர்கள் கடலில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்காத தங்கம், அலையில் ஏறி இறங்கி, ஆட்களைக் கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டி வருகிறது. என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய சேகரிப்பை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது சவரிமுத்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு அந்த எழுத்து தெரியணும்னு ஆசை. ஸ்டெல்லா சொன்னா. இந்தப் படக உடைக்கும்போது நீங்கதான் வரணும். சூசைகிட்டச் சொல்லி, ஒரு நிமிசம் கையைத் தொறந்து காட்டச் சொல்றேன்."

"வாரேன்" என்றேன். என்னை அறியாமல் அவர்கள் ஊர்ப் பேச்சில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "கிடைச்சுதா?" என்றாள் சுமதி.

"கையில இருந்துச்சு" என்றேன்.

படகு வேலை முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. ஸ்டெல்லாவின் போனில் படம் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் அடித்து, அணியத்தில் மாலை போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பேப்பர் வந்ததும் தங்க விலை பார்க்கும் பக்கத்துக்கு நான் போவதில்லை. பாம்பனில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தேடுகிறேன். காற்று பலமென்று போட்டிருந்தால், காலையில் ஸ்டெல்லா கடைக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். "அண்ணன் கரை வந்துட்டாக சார்" என்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள்.

பெட்டியில் பி-க்கான குழி காலியாகவே இருக்கிறது. அந்தக் காசை எனக்குக் காட்ட வேண்டுமென்றால், அந்தப் படகு உடைய வேண்டும். சாமி, அந்தக் காசை நான் பார்க்கவே வேண்டாம்.